சில்லறை சொல்லும் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் மன்னர்களையும் மந்திரிகளையும், போர்களையும் உடன்படிக்கைகளையும் எண்ணுவதே நம்மிற் பலரின் வழக்கம். பாடப் புத்தகங்களும் நம்மை அவ்வாறே பழக்கிவிட்டன. ஆனால், ஒரு தேசம் வீழ்ந்த கதையையும் அது மீண்டும் எழுந்த கதையையும் அத்தேசத்தின் மிகச் சிறிய காசுகளிலே வாசிக்கலாம் என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். அவ்வாறு வாசிக்க முடியும் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் அன்னையாரின் தமையனார் 1985ஆம் ஆண்டில் ஊரை விட்டு ஜேர்மனிக்குச் சென்றவர். அக்காலத்தில் நம்மவர் பலர் போன வழியிலேதான் அவரும் போனார். கிழக்கு பேர்லினில் விமானத்தை விட்டிறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஊருக்கு வந்தபோது, ஒரு பால்மாப் பேணி நிறையச் சில்லறைக் காசு கொண்டுவந்து என்னிடம் தந்தார். "தம்பி, இது இனி எந்தக் கடையிலும் செல்லாது. நீ சரித்திரம் படிக்கிற பிள்ளை, வைத்துப் பார்" என்றார்.

அப்பேணியிலிருந்து இரு காசுகளை எடுத்து இரு கைகளிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரு பெனிக் காசுகள். இரண்டும் 1949ஆம் ஆண்டுக்குரியவை. இரண்டிலும் ஒரே பாஷை. ஆயினும் ஒன்று செம்பு நிறமாய் 2 கிராம் நிறை கொண்டிருந்தது. மற்றது சாம்பல் நிறமாய் முக்காற் கிராமே நிறுத்தது. வாயால் ஊதினாற் பறந்துவிடுமோ என்று தோன்றிற்று. ஒரே பாஷை பேசும் ஒரே ஜனங்கள், ஒரே ஆண்டில், இருவேறு காசு அடித்தது எதனால்? இக்கேள்விதான் என்னை நாணயச் சேகரிப்பில் இழுத்துவிட்டது.

காசும் அதன் எழுத்தும்

நமக்கு ரூபாவும் சதமும் எவ்வாறோ, ஜேர்மனியருக்கு மார்க்கும் பெனிக்கும் அவ்வாறே இருந்தன. நூறு பெனிக் ஒரு மார்க். 1871இல் ஜேர்மனி ஒரே பேரரசாகியதன் பின்னர், பல நகரங்களில் இருந்த நாணயசாலைகளுக்கு ஒவ்வோர் எழுத்து வழங்கப்பட்டது. பேர்லினுக்கு 'ஏ', மியூனிக்குக்கு 'டி', ஸ்ருட்காட்டுக்கு 'எஃப்', கார்ல்ஸ்ரூவுக்கு 'ஜி', ஹம்பேர்க்குக்கு 'ஜே' என்பன அவற்றுட் சில. எந்த நகரத்தில் அடித்த காசு என்பதை அச்சிறு எழுத்தே சொல்லிவிடும். அரசுகள் மாறின, கொடிகள் மாறின, எல்லைகளும் மாறின. இவ்வெழுத்துகள் மட்டும் மாறவில்லை. ஜேர்மன் நாணயம் சேர்ப்போர் ஒரே ஆண்டுக் காசில் நான்கைந்து சேர்ப்பதன் காரணமும் இதுவே.

ஜேர்மனியர் தாள் நோட்டை எளிதில் நம்பாதவராயினமைக்கும் ஒரு காரணம் உண்டு. முதலாம் மகாயுத்தத்தின் பின் அங்கே பணவீக்கம் கட்டுக்கடங்காமற் பெருகி, 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு இலட்சம் கோடி பழைய மார்க்கைக் கொடுத்து ஒரேயொரு புதிய மார்க் பெறும் நிலை வந்தது. ஆயுள் முழுவதும் சிக்கனமாய்ச் சேர்த்த முதியோர் ஒரே ஆண்டிற் பிச்சைக்காரராயினர். அந்தக் கசப்பும் அதன்பின் வந்த வேலையில்லாத் திண்டாட்டமும் ஹிட்லரின் எழுச்சிக்குத் துணைசெய்தன என்பது சரித்திரம் கற்றோர் அறிந்ததே.

சின்னம் நீங்கிய காசு

1936ஆம் ஆண்டு முதல், சுவஸ்திகத்தைக் கால்களிற் பற்றிய கழுகின் உருவம் ஜேர்மனியின் பெனிக் காசுகளில் ஏறியது. 1940 முதல் வெண்கலமும் பித்தளையும் ஒழிந்து, 1, 5, 10 பெனிக் காசுகள் துத்தநாகத்தில் அடிக்கப்பட்டன. செம்பு யுத்தத்துக்குத் தேவைப்பட்டது. குண்டுக்கு வேண்டிய உலோகம் காசுக்குக் கிடைக்கவில்லை என்று சுருங்கச் சொல்லலாம். இதே யுத்தத்தின் தட்டுப்பாடு இலங்கையையும் தொட்டது. 1942இல் இங்கு சில சதங்களுக்கும் தாள் நோட்டு அச்சிட நேர்ந்ததையும், 5 சத நோட்டு ஒன்று நடுவே கிழித்து 2 சதமும் 3 சதமுமாகப் பாவிக்கத்தக்கதாக அமைந்திருந்ததையும் நம் நாணயச் சேகரிப்பாளர் அறிவர்.

துத்தநாகம் நாணயத்துக்கு ஏற்ற உலோகமன்று. ஈரம் பட்டால் வெண்மையாய்ப் பூத்து, அரித்துப்போகும். ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று முழங்கிய ஆட்சி, பத்தாண்டு நிலையாத உலோகத்திற் காசடித்தது. அந்த ஆட்சி 12 ஆண்டுகளே நிலைத்து, 1945 மே மாதத்தில் வீழ்ந்தது.

வெற்றிபெற்ற நேசநாடுகள் தேசத்தை நான்கு வலயங்களாகப் பிரித்து ஆண்டன. நகரங்கள் கற்குவியல்களாய்க் கிடந்தன. ஆயினும் பாணுக்கும் பாலுக்கும் மீதிச் சில்லறை வேண்டுமல்லவா? எனவே நாணயசாலைகள் பழைய அச்சையே சிறிது திருத்தி மீண்டும் துத்தநாகக் காசு அடித்தன. 1945 முதல் 1948 வரை ஆண்டு பொறித்த இக்காசுகளைப் பார்ப்பவர் ஒரு கணம் திகைப்பர். அதே உலோகம்; அதே கழுகு; ஆனால் அதன் கால்களிலே சுவஸ்திகம் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக வரைய அவகாசமில்லாமல், ஒன்றை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

இவ்விடத்தில் ஓர் இந்து வாலிபன் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சுவஸ்திகம் நமக்கு மங்கலச் சின்னம். கோயிற் சுவரிலும் கோலத்திலும் அதை நாம் காண்கிறோம். பௌத்தரும் சமணரும் அதைப் போற்றுவர். நன்மை உண்டாகுக என்னும் பொருளுடைய அந்தச் சின்னத்தின் கீழே, 60 இலட்சம் யூதர்களும் வேறு பல இலட்சம் அப்பாவிகளும் கொல்லப்பட்டனர். சின்னம் குற்றவாளியன்று என்று நாம் சொல்லலாம், அது உண்மையே. ஆயினும் அதைக் கண்டு நடுங்கும் ஒருவரின் நடுக்கமும் உண்மையே. இன்றும் ஜேர்மன் சட்டம் அந்தக் கட்சிச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. கல்வி, ஆராய்ச்சி போன்ற நோக்கங்களுக்கே விலக்குண்டு. புனிதமான எதையும் பகைமைக்குக் கொடியாக்கினால், பின்னர் அதன் புனிதத்தை மற்றவர்க்கு விளக்க நாம் எத்தனை தலைமுறை பாடுபட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? இது எந்தச் சமயத்தாருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

இன்னொரு கேள்வியும் எழுகின்றது. சின்னத்தைச் சுரண்டிவிட்டாற் பாவம் தீர்ந்துவிடுமா? கழுகு அப்படியே இருந்ததுபோல, அந்த ஆட்சிக்கு ஊழியஞ் செய்தவர்கள் பலரும் தத்தம் ஆசனங்களில் அப்படியே இருந்தார்கள். நீக்குவது ஒரு நாளில் முடியும் காரியம். அதன்பின் என்ன செய்தார்கள் என்பதே பெரிது.

வாசி பட்ட காசு

யுத்தம் முடிந்த மூன்று ஆண்டுகளில் மார்க் நோட்டு மதிப்பிழந்து போயிற்று. தாள்பணம் மலைபோற் குவிந்திருந்தது, வாங்கப் பொருளில்லை. கள்ளச் சந்தையில் அமெரிக்கச் சிகரெட்டே நாணயமாகிவிட்டது. பட்டினத்தவர் தம் கம்பளத்தையும் வெள்ளிக் கரண்டியையும் மூட்டைகட்டி, கிராமத்துக்குப் போய் உருளைக்கிழங்குக்கு மாற்றினர்.

இந்நிலையில், 1948ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, மேற்கு வலயங்கள் மூன்றிலும் புதிய நாணயமாகிய 'டொய்ச் மார்க்' வழங்கப்பட்டது. நோட்டுகள் இரகசியமாய் அமெரிக்காவில் அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்தவை. ஆளொருவருக்கு முதலில் 40 மார்க். பின்னர் 20 மார்க். வங்கியிற் கிடந்த சேமிப்போ ஏறத்தாழ முழுவதும் கரைந்தது. பழைய 100 மார்க்குக்கு இறுதியிற் கிடைத்தது ஆறரை மார்க்கே. மறுநாட் காலையில் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பண்டங்கள் நிறைந்திருந்தன. பதுக்கிவைத்தவர்கள் நல்ல காசு வருமளவும் காத்திருந்தார்கள் என்பது அன்று வெளிப்பட்டது.

நோட்டு வந்துவிட்டது, சில்லறை வரவில்லை. கோடிக்கணக்கான காசுகளை ஒரு வாரத்தில் அடித்துவிட முடியுமா? எனவே ஒரு விநோதமான ஏற்பாடு செய்தார்கள். பழைய பெனிக் காசுகள் தற்காலிகமாகச் செல்லும். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கே செல்லும். 10 பெனிக் என்று பொறித்த காசைக் கொடுத்தால் 1 பெனிக்குக்கே பொருள் கிடைக்கும். இதற்கும் ஈடுகொடுக்க 5 பெனிக்குக்கும் 10 பெனிக்குக்கும் சிறு தாள் நோட்டுகளும் அச்சிடப்பட்டன.

இதை வாசித்தபோது எனக்குத் திருவீழிமிழலை நினைவுக்கு வந்தது. பஞ்ச காலத்திலே அடியாருக்கு அமுதளிக்க, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாளொன்றுக்கு ஒரு காசு படிக்காசாக வைத்ததையும், சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்டதையும் பெரியபுராணத்திற் படித்திருக்கிறோம். வாசி என்பது மாற்றும்போது கழிக்கும் வட்டம். வாசியால் அன்னம் தாமதித்தது, பசித்தவர் காத்திருந்தனர். பஞ்ச காலத்திற் காசின் மாற்றுக் குறைந்தால் முதலில் வாடுவது அடுப்படிதான். அது வீழிமிழலையிலும் ஒன்றே, பிராங்க்பேர்ட்டிலும் ஒன்றே.

இங்கே ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஆயிரம் மார்க் நோட்டு ஒரேயடியாய் இறந்தது. ஒரு பெனிக் காசோ, பத்திலொரு பங்கு உயிரோடாயினும், பிழைத்திருந்தது. பெரிய பணம் சாகும்போதும் சின்னக் காசு சாகாமல் ஏழைகளோடு கூட நடந்தது. மிஷன் பாடசாலையிற் படித்த நாளில், ஏழை விதவை ஒருத்தி ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரண்டு காசின் கதையைக் கேட்டிருக்கிறேன். பெருந்தொகையை எண்ணுவோர் உலகில் மிகுதி. சிறு காசை மதிப்போர் சிலரே.

நாற்று நட்ட கை

புதிய காசு வந்தபோது அதில் என்ன பொறிப்பது? மன்னன் இல்லை, தலைவன் இல்லை, உண்மையில் அரசே இல்லை. ஜேர்மன் கூட்டாட்சிக் குடியரசு 1949ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் தோன்றியது. ஆகையால், 1948, 1949 ஆண்டுகளின் மேற்கு ஜேர்மன் சில்லறைகளில் ஒரு தேசத்தின் பெயர் கிடையாது. 'பாங்க் டொய்ச்சர் லெண்டர்', அதாவது ஜேர்மன் மாநிலங்களின் வங்கி, என்ற பெயரே உண்டு. நாடு பிறக்குமுன் அதன் காசு பிறந்துவிட்டது.

அடோல்ப் யேகர் என்பவர் வரைந்த அக்காசின் ஒரு பக்கத்தில் ஐந்து இலைகள் கொண்ட சிறிய ஓக் கன்று. ஓக் மரம் ஜேர்மனியருக்கு நெடுங்காலமாய் உறுதியின் அடையாளம். முந்திய ஆட்சிகள் ஓக் இலையை வெற்றி மாலையாக்கின. இவரோ மாலையை விட்டு, மண்ணிலிருந்து தலைநீட்டும் கன்றைக் காட்டினார். வெற்றியென்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத ஜனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடையாது. 1 பெனிக் காசு உருக்கின் மேல் செம்பு முலாம். 5, 10 பெனிக் காசுகள் உருக்கின் மேல் பித்தளை முலாம். வறுமையை மறைக்கவில்லை, மேலே சற்று மெருகிட்டார்கள்.

50 பெனிக் காசுதான் யாவற்றிலும் அழகியது என்பது என் எண்ணம். தலையில் துணி கட்டிய ஒரு பெண் முழந்தாளிட்டு, ஓர் ஓக் நாற்றை மண்ணில் நடுகிறாள். சிற்பி ரிச்சர்ட் மார்ட்டின் வேர்னர் தம் மனைவி கெர்டாவையே மாதிரியாகக் கொண்டு இதை அமைத்தார். 1950இல் காசு மக்களின் கைக்கு வருமுன், 1949இலேயே அவர் காலமானார். மனைவியோ 2004 வரை வாழ்ந்து, தன் உருவம் கோடிக்கணக்கான கைகளில் உலாவியதையும், பின் அக்காசு வழக்கொழிந்ததையும் கண்டார்.

இப்பெண் யார்? விறகுக்கும் யுத்த நட்டஈட்டுக்குமாக வெட்டி அழிக்கப்பட்ட காடுகளில், கூலிக்கு நாற்று நட்ட ஏழைப் பெண்களையே இது நினைவூட்டுகிறது. இடிபாடுகளில் கல் பொறுக்கிய பெண்களையும் மக்கள் இவ்வுருவத்திற் கண்டார்கள். இடிபாடுகளைப் பெரும்பாலும் பெண்களே அகற்றினர் என்ற கதை ஓரளவு மிகைப்பட்டது என்றும், அவ்வேலையிற் பெரும்பங்கைக் கட்டட நிறுவனங்களும் இயந்திரங்களும் செய்தன என்றும் அண்மைக்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அது ஏற்கத்தக்கதே. ஆயினும், இராணுவ வீரனுக்கும் தலைவனுக்கும் சிலையெடுத்த ஒரு தேசம், பெயரற்ற ஒரு கூலிப்பெண்ணை, மண்டியிட்ட கோலத்தில், தன் காசில் ஏற்றிற்று. மண்டியிட்டது மன்னனுக்கன்று, மண்ணுக்கு. சின்னத்தை நீக்கியபின் என்ன செய்தார்கள் என்று முன்னர் கேட்டோமல்லவா? நல்லோர் சிலராயினும் நாற்று நடத் தொடங்கினார்கள் என்பதே அக்காசு தரும் விடை.

கதிரும் சக்கரமும்

இனி, பறந்துவிடும் போலிருந்த மற்றக் காசுக்கு வருவோம். மேற்கில் புதிய மார்க் வந்த சில நாள்களுக்குள், சோவியத் வலயத்திலும் வேறு பணம் வழங்கப்பட்டது. அவசரத்தில், பழைய நோட்டின் மேல் முத்திரைத் தாளை ஒட்டிக் கொடுத்தனர். மக்கள் அதைச் 'சுவர்த்தாள் மார்க்' என்று பரிகாசம் செய்தனர். மேற்கு மார்க் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தபோது, 1948 யூன் 24ஆந் திகதி அந்நகருக்குரிய தரைப்பாதைகள் அடைக்கப்பட்டன. 1949 மே 12 வரை, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு வேண்டிய உணவும் கரியும் ஆகாயமார்க்கமாக வந்திறங்கின. ஒரு தேசம் இரண்டானதற்கு நாணயம் முதற் கோடு கீறிற்று எனின் மிகையன்று.

கிழக்கின் காசு அலுமினியம். அதில் ஒரு தானியக் கதிரும் பற்சக்கரமும்: உழவனும் தொழிலாளியும். 1950ஆம் ஆண்டின் 50 பெனிக்கிலோ, புகைபோக்கிகளின் முன்னே ஒரு கலப்பை. இலட்சியம் உயர்ந்ததே, அதை மறுப்பார் யார்? ஆயினும் அக்காசுகளில் 'டொய்ச்லாந்து', அதாவது ஜேர்மனி, என்று முழுத் தேசத்தின் பெயரையும் பொறித்திருந்தார்கள். மேற்கின் காசு தேசத்தின் பெயரைச் சொல்லத் துணியவில்லை. நான்கிலொரு வலயத்தின் காசோ முழுத் தேசத்துக்கும் உரிமை கொண்டாடியது. காலப்போக்கில் அந்த உரிமை குறுகிற்று. 1950களின் பிற்பகுதி முதல் 'ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு' என்ற பெயர் அதன் இடத்தைப் பிடித்தது. 1961 ஆகஸ்ட் 13இல் பேர்லினில் மதில் எழுந்தது.

அலுமினியக் காசுக்கு ஓர் இடர் இருந்தது. பாரமில்லாமையால் தானியங்கி இயந்திரங்களும் தெருத் தொலைபேசிகளும் அதைச் சரிவர ஏற்கவில்லை. ஆகவே 1969இல் 20 பெனிக் காசைப் பித்தளையில் அடித்தார்கள். அலுமினியச் சில்லறைகளுக்கு நடுவே அது ஒன்றுதான் மஞ்சளாய், கனமாய் இருக்கும். தத்துவம் எதுவாயினும், தொலைபேசிப் பெட்டி நிறையைத்தான் கேட்கும்.

சேர்ப்போருக்குச் சில வார்த்தைகள்

நாணயம் சேர்ப்பது செல்வந்தர் விளையாட்டு என்பது தவறான எண்ணம். நான் இங்கு கூறிய காசுகளுட் பெரும்பாலானவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, ஆகையால் மலிவானவை. ஓர் ஆண்டுக்குரிய 1 பெனிக்கில் 'டி', 'எஃப்', 'ஜி', 'ஜே' என்னும் நான்கு எழுத்தையும் தேடிச் சேர்ப்பது நல்ல தொடக்கம். ஒரு சிறு காந்தமும் கூட இருக்கட்டும். உருக்கின் மேல் முலாமிட்ட 1 பெனிக் காந்தத்தில் ஒட்டும். 1950இல் வந்த 2 பெனிக் வெண்கலமாதலால் ஒட்டாது. 1960களின் இறுதியில் அதுவும் உருக்கானபின் ஒட்டத் தொடங்கியது. காசைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம்; சேகரிப்பில் அதை ஒருபோதும் செய்யலாகாது. சிறப்பாகத் துத்தநாகக் காசை ஈரம் அணுகாமற் காக்கவேண்டும்.

காசிற் பொறித்த ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 1, 5, 10 பெனிக் காசுகள் 1950 என்ற ஆண்டை மாற்றாமலே 1960களின் நடுப்பகுதி வரை அடிக்கப்பட்டன. 1950 என்று கண்டவுடன் 1950இல் அடித்தது என்று எழுதிவைப்பவர் தவறுவர். கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆராய்வோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் அல்லவா?

அரியது ஒன்றும் உண்டு. 1950இல் குடியரசின் பெயரோடு புதிய காசு அடிக்கத் தொடங்கியபோது, கார்ல்ஸ்ரூ நாணயசாலையில் 30,000 ஐம்பது பெனிக் காசுகள் பழைய வங்கியின் பெயரோடு 1950 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தன. இன்று சேகரிப்பாளர் அதற்குப் பெருவிலை கொடுக்கிறார்கள். 1970களிலோ, அதே நாணயசாலையைச் சேர்ந்த சிலர் அரிய காசுகளை இரகசியமாய் மீண்டும் அடித்து, அது வெளிப்பட்டு நீதிமன்றம் வரை சென்றது. நாட்டை எழுப்பிய தலைமுறை ஒரு பெனிக்கை எண்ணி எண்ணிச் செலவிட்டது. அடுத்து வந்தோரில் சிலர் அதே காசை ஆசைக்குப் பொருளாக்கினர். சேகரிப்பில் ஈடுபடும் வாலிபர் இந்த ஆசையைக் குறித்து விழிப்பாயிருப்பது நன்று. விலைக்காகச் சேர்ப்பவன் வியாபாரி; வரலாற்றுக்காகச் சேர்ப்பவன் மாணாக்கன்.

மீண்டும் பிழைத்த காசு

1989 நவம்பர் 9இல் மதில் திறந்தது. 1990 யூலை 1ஆந் திகதி மேற்கின் மார்க் கிழக்குக்கும் உரியதாயிற்று. கிழக்கின் நோட்டுகள் அன்றே செல்லாமற் போயின. ஆனால் போதிய சில்லறை இல்லை! 42 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது மறுபடியும் நிகழ்ந்தது. கிழக்கின் அலுமினியப் பெனிக் காசுகள், இம்முறை வாசியின்றி முழு மதிப்போடு, 1991 யூன் 30 வரை வழங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அரசு 1990 ஒக்டோபர் 3இல் மறைந்தது. அதன் காசு அதன்பின்னும் ஒன்பது மாதம் பாண் வாங்கிக் கொடுத்தது. மாமனார் பேணியிலிருந்த அலுமினியக் காசுகள் அம்மாதங்களில் அவருக்கு மீதியாகக் கிடைத்தவை. "ஒரே பையிலே இரண்டு நாட்டுக் காசும் கிடக்கும், கடைக்காரி இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணுவாள்" என்று அவர் சொன்னார். வந்திறங்கிய நாளில் அவர் கடந்த எல்லை, ஆறாண்டுக்குள் ஒரு கடைக்காரியின் உள்ளங்கையில் இல்லாமற் போயிற்று.

2001ஆம் ஆண்டின் இறுதியோடு மார்க்கும் பெனிக்கும் விடைபெற்றன. மறுநாள் யூரோ வந்தது. ஆயினும் ஏறத்தாழ 1200 கோடி மார்க் பெறுமதியான நோட்டும் காசும் இன்னும் மத்திய வங்கிக்குத் திரும்பவில்லை. கால எல்லையின்றி மாற்றித் தருவோம் என்று வங்கி சொல்லியும், பலர் மேசை இழுப்பறையிலும் போத்தலிலும் அவற்றை வைத்திருக்கிறார்கள். கண்டெடுத்த பெனிக் அதிர்ஷ்டம் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆறரை மார்க்கோடு மறுவாழ்வு தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அக்காசை விட்டுக்கொடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

ஜேர்மனியில் அடித்த 1, 2, 5 யூரோ சதக் காசு உங்களில் யாருக்கேனும் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். அங்கே ஓர் ஓக் கிளை இருக்கும். 1948ஆம் ஆண்டின் கன்று வளர்ந்து கிளைவிட்ட தோற்றம் அது. அதனருகே பேர்லினின் 'ஏ'யோ ஹம்பேர்க்கின் 'ஜே'யோ இருக்கவும் காணலாம்.

யுத்தத்தையும் இடிபாட்டையும் இடப்பெயர்வையும் நம் நாடும் அறியும். எமது தலைமுறைக்கு அவை பெரியோர் சொல்லக் கேட்ட கதைகள். பெரியோருக்கோ ஆறாத புண்கள். ஜேர்மனியின் கதையை நம் கதையோடு ஒன்றாக்குவது என் கருத்தன்று. இரண்டின் காரணங்களும் வேறு. ஆயினும் அச்சிறு காசுகள் சொல்லும் ஒன்றை நாம் ஏற்கலாம். வெறுப்பின் சின்னத்தை நீக்குவது முதற்படி மட்டுமே. அதைச் செய்துவிட்டு ஓய்ந்திருக்கும் சமுதாயத்துக்குப் பழைய கழுகுதான் எஞ்சும். அந்த இடத்தில் முழந்தாளிட்டு ஒரு நாற்றை நடுபவர்களே தேசத்தை மீட்கிறார்கள். அவர்களின் பெயரைச் சரித்திரம் எழுதிவைப்பதில்லை. காசு வேண்டுமானால் நினைவு வைத்திருக்கும்.

நம் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் வீட்டுப் பெட்டகத்தின் மூலையிலே கிடக்கும் பழைய காசொன்றை எடுத்து, வெளிச்சத்திலே பிடித்துப் பார்ப்பாராக. அது என்ன சொல்கிறது என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்பாராக. அவர்கள் இருக்கும்போதே கேட்பது நலம்.